மின்னஞ்சல் முகவரியும் பொதுக் காப்பகங்களும்

மின்னஞ்சல் இன்று தோட்டக் குடியிருப்புகளிலும் வழங்கும் சாதனமாகிவிட்டது. வங்கி முதல் வேலை விண்ணப்பம் வரை அம்முகவரியைக் கேட்கின்றனர். அஃது ஊரறிய வெளியானால் நேர்வது என்ன என்பதை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் முறையை உருவாக்கினார். பெறுபவர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட இடையே ஒரு சுழிக்குறியை வைத்தார். நம் நாட்டு அடையாள அட்டைகளில் ஒருவருடைய இரு பெயர்களுக்கிடையே நின்று, 'அலியாஸ்' என்று படிக்கப்படும் குறியும் அதுவே! ஏழே ஆண்டுகளில் தொல்லை தொடங்கிற்று. 1978 மே மாதத்தில் கேரி துர்க் என்னும் கணினி விற்பனையாளர், அர்ப்பாநெட் வலையமைப்பின் அச்சிட்ட முகவரிப் புத்தகத்தைக் கொண்டு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதற்குப்பை மடலுக்கு வழிவிட்டது ஒரு பொதுப் பட்டியலே.

அன்று முகவரிகளைக் கையால் தட்டச்சுச் செய்தனர். இன்று அவ்வேலையைக் கணினி நிரல்கள் செய்கின்றன. கொழுந்து பறிப்பவர் கண்ணுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் தனித்துத் தெரிவதுபோல, இடப்புறம் ஒரு பெயர், வலப்புறம் ஒரு பெயர், நடுவே சுழிக்குறி என்னும் அமைப்பு அந்நிரலுக்குத் தெரியும். அது பக்கம் பக்கமாக ஓடிப் பறித்துச் சேர்க்கும். சேர்த்தவை விலைக்குப் போகும். பின்னர், வங்கியின் பெயரால் கடவுச்சொல் கேட்கும் பொய் மடல்கள் வரும். மாதச் சம்பளத்தை இழக்க அப்படிப்பட்ட ஒரு மடலே போதும்.

அமெரிக்காவின் மக்களாட்சி மற்றும் தொழில்நுட்ப மையம் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அகப்பக்கங்களில் வெளிப்படையாக இட்ட சோதனை முகவரிகளுக்குக் குப்பை மடல்கள் குவிந்தன. குறியைச் சொல்லாக மாற்றி மறைத்தெழுதியவற்றுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் இன்றைய நிரல்கள் அத்தகைய மாறுவேடத்தையும் கண்டுகொள்ள வல்லவை. படமாக இட்டாலும் எழுத்துணரி மென்பொருள் படித்துவிடும். அறவே அச்சிடாதிருப்பதே உறுதியான காவல் என்பது என் கருத்து.

இஃது ஆண்டு மலர்களுக்கும் பொருந்தும். இலங்கைத் தமிழரின் நூலகம் திட்டம் 2005 முதல் பழைய நூல்களையும் பள்ளி மலர்களையும் இணையத்தில் பாதுகாத்து வருகிறது. அரிய தொண்டு அது! எனினும் மலரில் அச்சான முகவரியும் அவ்வாறே நெடுங்காலம் நிலைக்கும். அகப்பக்கத்திலிருந்து பின்னர் நீக்கினாலும் காப்பகப் படியில் இருக்கும். எனவே மாணவர் படைப்பின் கீழ்ப் பெயரும் வகுப்பும் போதும். தொடர்புக்குப் பள்ளியின் பொது முகவரியை இடலாம். பெற்றோர் வங்கிக்கு ஒரு முகவரியும், போட்டிகளுக்கும் கடைகளுக்கும் வேறொன்றும் வைத்துக்கொள்வது நன்று. அறியாதவர் மடலில் 'இனி வேண்டாமெனில் இங்கே அழுத்துக' என்றிருந்தால் அழுத்தலாகாது. அழுத்தினால் அம்முகவரியில் ஆள் இருப்பது உறுதியாகிவிடும்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நேரடி விளம்பரத்துக்கு நம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாமென ஒரு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க அச்சட்டம் உரிமை தருகிறது. பெயர் மறைத்துக் கடல் கடந்து அனுப்புவோனுக்கு எங்கே எழுதுவது?