சமூகத் தொண்டும் கல்லூரிப் பட்டமும்: தாராவி தரும் பாடம்

கல்லூரி மாணவர் ஒருவர் குடிசைப் பகுதியில் ஆற்றும் தொண்டு அவருடைய பட்டப் படிப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட வேண்டுமா? இவ்வினா நம் நாட்டில் புதியதன்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), விருப்பத்தின் பேரில் மாணவர் தேசியத் தொண்டில் ஈடுபடலாம் எனக் கூறியது. கோத்தாரி கல்விக் குழுவோ (1964-66), சமூகத் தொண்டு கல்வியின் எல்லா நிலைகளிலும் இன்றியமையாத அங்கமாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. விருப்பமா, கட்டாயமா என்ற இவ்விரு கருத்துகளுக்கும் இடையேதான் இன்றுவரை நம் கல்வி நிர்வாகம் வழி தேடி வருகிறது.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்கள் இதில் சேர்ந்தனர். தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. சிறப்பு முகாம் தனி. ஆயினும் இப்பணி நெடுங்காலம் பாடத்திட்டத்திற்கு வெளியிலேயே இருந்தது. சான்றிதழும், சில பல்கலைக்கழகங்களில் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைத்தன. மும்பைப் பல்கலைக்கழகத்தில் பத்து மதிப்பெண் வரை சேர்க்கும் முறை இருந்து வந்துள்ளது.

கிரெடிட் கணக்கு

இந்நிலை அண்மைக் காலத்தில் மாறியது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்டக் கட்டமைப்பை வெளியிட்டது. 'கிரெடிட்' என்னும் அலகே அதன் அடிப்படை. 15 வாரம் கொண்ட ஒரு பருவத்தில் வாரம் ஒரு மணி நேர விரிவுரை, அதாவது 15 மணி நேரம், ஒரு கிரெடிட் ஆகும். சமூகத் தொண்டுக்கும் களப்பணிக்கும் வாரம் இரண்டு மணி நேரம், அதாவது 30 மணி நேரம், ஒரு கிரெடிட் ஆகும். இக்கணக்கின்படி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஓராண்டுப் பணியாகிய 120 மணி நேரம் நான்கு கிரெடிட்டுக்கு நிகரானது. மராட்டிய மாநிலத்தின் புதிய பாடத்திட்ட அமைப்பிலும் களத் திட்டம், சமூக ஈடுபாட்டுத் திட்டம் ஆகியவை இடம்பெற்றுள்ளன.

பிற நாடுகளிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மெக்சிகோவில் 1936-ஆம் ஆண்டு தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அது எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. அங்குப் பட்டம் பெற விரும்புவோர் குறைந்தது 480 மணி நேரம் சமூகச் சேவை புரிதல் வேண்டும். இந்தோனேசியாவில் மாணவர் கிராமங்களில் தங்கி ஆற்றும் பணி பாடக் கிரெடிட்டாகவே கணக்கிடப்படுகிறது. நம் நாட்டில் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் கிராமத்தில் தங்கிப் பணிபுரிதலைப் பாடத்திட்டத்தின் பகுதியாக்கியது. மும்பை புனித சேவியர் கல்லூரி 60 மணி நேரச் சமூகப் பணியைத் தன் மாணவர்க்குக் கட்டாயமாக்கியது.

இரு முன்மாதிரிகள்

இவற்றின் நன்மை தீமைகளை ஆராய்வதற்கு மும்பையின் தாராவியை விடப் பொருத்தமான இடம் அரிது. மாஹிம், சயான், மாட்டுங்கா ஆகிய பகுதிகளுக்கு நடுவே ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். மண்ணின் மைந்தரான கோலி மீனவர், சௌராஷ்டிரத்துக் குயவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த தமிழர் எனப் பலரும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அதைச் சுற்றியுள்ள மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் கல்லூரிகள் மிகுதி. நடந்து செல்லும் தொலைவில் ஆயிரக்கணக்கான மாணவர்; மறுபுறம் நெருக்கடி மிகுந்த வாழ்க்கை. இவ்விரண்டையும் இணைப்பது எளிது போலத் தோன்றும். ஆனால், எவ்வாறு இணைப்பது என்பதே சிக்கல்.

இங்கு நெடுநாள் நிலைத்த இரு முறைகளைக் காணலாம். முதலாவது, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணிப் பயிற்சி. கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்பார் நாக்பாடாவின் நெருக்கடி மிகுந்த தெருக்களில் நடத்திய மக்கள் நல மையமே 1936-இல் இந்நிறுவனம் தோன்றுவதற்கு வித்திட்டது. 1954-இல் இது செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம் பெயர்ந்தது. இங்குச் சமூகப் பணி பயிலும் மாணவர்க்குக் களப்பணி துணைப் பாடமன்று. வகுப்புக்கு நிகரான பாடம். மாணவர் அறிக்கை எழுதுவார். மேற்பார்வையாளர் அதனைப் படித்து அவருடன் கலந்துரையாடுவார். மதிப்பெண் சென்று வந்த நாட்களுக்காக அன்றி, கற்றுக் கொண்டதற்காகவே வழங்கப்படுகிறது.

இரண்டாவது, சயானிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி தாராவியில் நடத்தும் நகர்ப்புறச் சுகாதார மையம். 'சோட்டா சயான்' என்று மக்கள் அழைக்கும் இம்மையத்தில் மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவரும் முறைவைத்துப் பணிபுரிகின்றனர். இப்பணி இன்றிப் பட்டம் நிறைவு பெறாது. மாணவர்கள் ஆண்டுதோறும் மாறினாலும் மையம் மாறுவதில்லை. நோயாளியின் பதிவேடும் மருந்தும் அங்கேயே இருக்கின்றன. மாணவர் சென்றபின்னும் பணி தொடர்கிறது என்பதே இதன் சிறப்பு.

பருவமும் தேவையும்

பொதுக் கலைக் கல்லூரிகளுக்கு இவ்வசதிகள் இல்லை. எனவே கிரெடிட் முறை அங்குச் செல்லும்போது மூன்று இடர்கள் எழுகின்றன.

முதல் இடர் கால அளவு. கல்லூரிப் பருவம் 15 வாரம். காசநோய்க்கான வழக்கமான சிகிச்சையோ ஆறு மாதம். இடையில் மருந்தை நிறுத்தினால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வடிவம் பெறக்கூடும். நோயாளி ஒருவருக்கு மருந்தை நினைவூட்டும் பொறுப்பை ஏற்ற மாணவர் தம் 30 மணி நேரம் முடிந்ததும் நின்றுவிட்டால், அவருக்கு ஒரு கிரெடிட் உண்டு. நோயாளிக்கோ பாதிச் சிகிச்சைதான். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிக் குழந்தைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருவதற்கும் இது பொருந்தும். குழந்தைக்குப் பள்ளி ஆண்டு கணக்கு; கல்லூரி மாணவர்க்குப் பருவம் கணக்கு. ஒரு குழு விலகும்போது அடுத்த குழு பொறுப்பேற்கும் ஒழுங்கு இல்லையெனில் தொண்டு தீங்காகவும் முடியலாம்.

இரண்டாம் இடர் கணக்கெடுப்பு. திட்ட அலுவலர் பலருக்கும் எளிதாகத் தோன்றும் பணி, வினாப் படிவத்துடன் மாணவரை வீடு வீடாக அனுப்புவதாகும். தாராவியில் இது எளிய செயலன்று. மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2024 மார்ச்சில் வீடுகளின் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்னரே குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வேறு விதிகள். இச்சூழலில், "இங்கு எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள்?" என்று மாணவர் கேட்கும் வினா குடியிருப்பவர் காதில் வீட்டுரிமை பற்றிய வினாவாகவே ஒலிக்கும்.

கணக்கெடுப்பே கூடாது என்பது இதன் பொருளன்று. 1985-இல் பிரதமர் இராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டபோது, ஏ. ஜோக்கின் தலைமையில் இயங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு முதலியவை மக்களைக் கொண்டே வீடுகளை எண்ணின. அரசின் மதிப்பீட்டை விடக் குடும்பங்கள் மிகுதி எனத் தெரிந்தது. அந்த எண்ணிக்கை மக்களிடமே இருந்தது. அவர்கள் வாதத்திற்குப் பயன்பட்டது. மாணவர் திரட்டும் விவரமோ பெரும்பாலும் கல்லூரி அலமாரியில் முடிகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாம் இடர் உள்ளத்தைப் பற்றியது. கூலி பெறாமல் மனமுவந்து செய்வதே தொண்டு. அதற்குக் கிரெடிட் தருவது அதன் தன்மையைக் கெடுக்கும் என்பர் சிலர். இவ்வாதம் முற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால், கல்லூரி நேரம் போகப் பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாராவியிலிருந்தே கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் அத்தகையோர். கிரெடிட் இல்லாத தொண்டு ஓய்வுள்ளவர்க்கே உரியதாகிவிடும். கிரெடிட் தந்தால் அவர்களும் பங்கு பெறுவர். அவர்கள் தம் தெருவில் ஏற்கெனவே செய்து வரும் பணியும், அதாவது முதியோர்க்கு விண்ணப்பம் நிரப்புதல், மருத்துவமனையில் தமிழ் மட்டுமே அறிந்த தாய்மார்க்கு மராத்தியிலும் இந்தியிலும் பேசி உதவுதல் போன்றவையும், முறையான மேற்பார்வையுடன் கணக்கில் கொள்ளத் தக்கவையே.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகள் புலனாகின்றன. பணியைக் கல்லூரி மட்டும் தீர்மானித்தல் கூடாது; அப்பகுதியில் நிலையாக இயங்கும் சுகாதார மையம், பள்ளி அல்லது மக்கள் அமைப்பு ஒன்றின் தேவையை ஒட்டியே அது அமைய வேண்டும். ஒரே பணியை அடுத்தடுத்த மாணவர் குழுக்கள் தொடர்வதற்குப் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பேடு வேண்டும். மேற்பார்வையிடும் ஆசிரியரின் நேரமும் அவருடைய பணிச்சுமையில் சேர்க்கப்பட வேண்டும்; இல்லையெனில் கையொப்பம் மட்டுமே மேற்பார்வையாகிவிடும். திரட்டிய விவரம் எதுவாயினும் அம்மக்களிடம் அவர்கள் மொழியில் முதலில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். மதிப்பீட்டில் மாணவரின் அறிக்கையோடு, பணியைப் பெற்றோரின் கருத்தும் இடம்பெற வேண்டும்.

30 மணி நேரத்தை எண்ணுவது எளிது. அந்த 30 மணி நேரத்தால் ஒரு நோயாளி சிகிச்சையை முடித்தாரா, ஒரு குழந்தை அடுத்த வகுப்புக்குச் சென்றதா என்று கேட்பதே கடினம். கல்வித் துறை அலுவலர் இவ்விரண்டாம் வினாவைப் படிவத்தில் சேர்க்கும் நாளில்தான் கிரெடிட் என்பது மாணவர்க்கும் தாராவிக்கும் பொதுவான வரவாக அமையும்.