டிசம்பர் லீவும் பால்வெட்டும்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் விடியலிலேயே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவோம். டிசம்பர் லீவில் எட்டு வயது மகளையும் மூன்று வயது மகனையும் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு தாய், யட்டியாந்தோட்டை

பதில்: சின்னவனை வழக்கம்போலப் பிள்ளை மடுவத்தில் விடுங்கள். மகளைத் தம்பிக்குக் காவல் வைக்காதீர்கள் அம்மா, அவளும் குழந்தைதான். நம்பிக்கையான பாட்டி யாராவது லயத்தில் இருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள். களனி கங்கைப் பக்கம் தனியே போகக் கூடாதென்று கண்டித்துச் சொல்லுங்கள். கித்துல்கலைப் பக்கம் மழை கொட்டினால், இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகும். ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டை வீட்டில் வைக்கவே வேண்டாம். பின்னேரம் ரொட்டி தட்டும்போது ஆளுக்கொரு உருண்டை மாவு கொடுங்கள். லீவில் பிள்ளைகளுக்கு வேண்டியது உங்கள் பக்கத்தில் அந்த அரைமணி நேரம்.