பழைய றலியை இரும்புக்கடையில போடலாமா?
மன்னார்க் கரையிலிருந்து ஒரு சைக்கிள் பாடம்



ஒவ்வொரு இதழிலும் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படுகிற ஒரு கைவேலையைப் பாடமாகத் தந்து வருகிறோம். இம்முறை பாடம் சைக்கிள். புதுச் சைக்கிள் அல்ல. தாத்தா காலத்து, இரும்பாலான, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய சைக்கிள். அதிலும் பின்சில்லுக்குள்ளே மூன்று கியர் மறைந்திருக்கிற வண்டி.

"மலையில இருக்கிற நமக்கு மன்னார்ச் சைக்கிள் எதுக்கு?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மன்னார் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் முன்னோர் கோப்பிக் காலத்தில் கடல் கடந்து அந்தக் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனையோ பேர். 1914இல் தலைமன்னார் வரை ரயிலும், இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கப்பலும் வந்தபிறகுதான் அந்த நடை குறைந்தது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்மவர்களில் பல குடும்பங்கள் மன்னார், வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. அவர்கள் இன்றும் நமக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உறவுதான்.

காற்றும் உப்பும்

மன்னார்த் தீவு தட்டையான மணல் தீவு. மேடு பள்ளம் இல்லாததால் சைக்கிளுக்கு ஏற்ற இடம். மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பேசாலை போன்ற மீனவ ஊர்கள் நடுவில் வருகின்றன. கரியரில் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அங்கே சைக்கிள்தான் கால். தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990இல் போரில் தகர்ந்தது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015இல் திரும்பி வந்தது. பஸ்சும் ரயிலும் பெற்றோலும் இல்லாத அந்த நாட்களில் குடும்பங்களைச் சுமந்தது சைக்கிள்.

மேடு இல்லாத ஊருக்குக் கியர் எதற்கு? காற்றுக்கு! தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் அங்கே முகத்தில் அறைகிறது. 2020இல் அந்தத் தீவில் 30 காற்றாடிகளை நிறுத்தி 100 மெகாவாற்றுக்கு மேல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள் என்றால் காற்றின் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் மிதிப்பது நம்ம மேட்டில் மிதிப்பது மாதிரியேதான். அங்கே காற்றுக்கு உதவுகிற கியர் இங்கே மேட்டுக்கு உதவும்.

அடுத்தது உப்பு. கடற்காற்றில் வருகிற உப்பு இரும்பில் ஒட்டி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, துருவை வளர்க்கிறது. அந்தக் கரையில் ஒரு பழைய வண்டி உயிரோடு இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் தினமும் துடைத்த ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம். நமக்கு உப்பு இல்லை, ஆனால் மழையும் பனியும் உண்டு. ஆகவே பாடம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

வண்டியை அடையாளம் காணுதல்

நம் நாட்டில் "றலி" என்று சொல்லுகிற வண்டி இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்டது. அந்த நகரத்தில் றலி என்ற பெயருள்ள ஒரு தெருவில் தொடங்கிய கடை என்பதால் அந்தப் பெயர் வந்தது. அசல் றலியின் முன்னெற்றியில் கொக்குத் தலை பதித்த தகடு இருக்கும். பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்திலும் கொக்கு உருவம் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பர் வண்டியில் முன்போர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். றட்ஜ் வண்டியின் பல்சக்கரத்தில் ஒரு கை உருவம் இருக்கும்.

பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைக் கியர்தான். மூன்று கியர் வண்டி விலை கூடியது, அதனால் எண்ணிக்கை குறைவு. பின்சில்லின் ஹப் சாதாரண ஹப்பை விடப் பருத்து, அதன் வலப்பக்க அச்சிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று வெளியே வந்தால் அது மூன்று கியர். ஹப்பின் மேல் "ஸ்டர்மி ஆர்ச்சர்" என்ற பெயரும் சில எண்களும் வெட்டப்பட்டிருக்கும். உதாரணமாக 57 என்றும் பக்கத்தில் 4 என்றும் இருந்தால், அந்த ஹப் 1957 ஏப்ரலில் செய்யப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத மனிதர் உண்டு, இந்த ஹப்புக்கு உண்டு!

உள்ளே நடப்பது என்ன?

இந்தக் கம்பனியின் மூன்று கியர் ஹப் 1902இல் பிறந்தது. நாம் அதிகம் காண்கிற ஏ.டபிள்யூ. என்ற வகை 1936இல் வந்தது. உள்ளே நடுவில் அச்சோடு அசையாமல் 20 பல்லுள்ள ஒரு சிறு சக்கரம். அதைச் சுற்றி 20 பல்லுள்ள நான்கு குட்டிச் சக்கரங்கள் ஒரு கூட்டுக்குள். இவற்றையெல்லாம் சூழ்ந்து, உட்பக்கம் 60 பல்லுள்ள ஒரு வளையம். தாயைச் சுற்றிப் பிள்ளைகள், அவர்களைச் சுற்றி வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிதியின் பலம் வளையத்தில் சேர்ந்து கூட்டின் வழியாகச் சில்லுக்குப் போனால் முதலாம் கியர். செயின் நான்கு சுற்று சுற்றினால் சில்லு மூன்று சுற்றே போகும். வேகம் குறையும், மிதிப்பது லேசாகும். வளையமே நேராகச் சில்லைத் திருப்பினால் இரண்டாம் கியர், அதாவது ஒன்றுக்கு ஒன்று. கூட்டில் பலம் சேர்ந்து வளையத்தின் வழியாகப் போனால் மூன்றாம் கியர். செயின் மூன்று சுற்றுக்குச் சில்லு நான்கு சுற்று.

28 அங்குலச் சில்லு, முன்னே 46 பல், பின்னே 18 பல் உள்ள வண்டியில் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு முதலாம் கியரில் ஏறக்குறைய 4.3 மீற்றரும், இரண்டில் 5.7 மீற்றரும், மூன்றில் 7.6 மீற்றரும் போகும். மலைக்கு இது கொஞ்சம் பாரம்தான். பின்பல்லை 22ஆக மாற்றினால் முதலாம் கியரில் 3.5 மீற்றர் ஆகும், மேட்டில் மூச்சு வாங்குவது குறையும். அப்போது செயினுக்கு ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டி வரும்.

திருத்தும் முறை

1. முதலில் பொறுமை. துருப்பிடித்து இறுகிய சீற் தண்டையோ நட்டையோ அடித்துத் திருகாதீர்கள். மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். தானாக இளகும்.

2. பெடல் தண்டைப் பிடித்திருக்கிற கொட்டர் ஆணியைக் கழற்றும்போது நட்டை முழுதும் எடுத்துவிடாமல், புரியைக் காக்கும்படி நுனிவரை தளர்த்தி வைத்து அடியுங்கள். தண்டுக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தால் உள்ளிருக்கிற போல்ஸ் உடையாது.

3. றலி வண்டியின் பெடல் அச்சுக்கூட்டுப் புரி ஒரு அங்குலத்துக்கு 26 சுற்று. மற்றக் கம்பனிகளுடையது பெரும்பாலும் 24. கடையில் கிடைக்கிற வேறு சாமானை "சரி, பொருந்தும்" என்று இறுக்கினால் புரி அழிந்து சட்டமே வீணாகும்.

4. குரோம் பூச்சில் உள்ள மேல்துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். சொக்கலட் சுற்றி வருகிற தாளே போதும். மண்ணாங்கட்டி, உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும்.

5. ஹப்பின் மேல் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து மாதம் ஒரு தேக்கரண்டி லேசான எஞ்சின் ஒயில் விடுங்கள். கிறீஸ் அடைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம்ம குளிரில் அது உறைந்து உள்ளிருக்கிற சின்னத் தடைகளை ஒட்டிவிடும்.

6. கியர்க் கம்பியைச் சரிபார்க்க லீவரை இரண்டில் வையுங்கள். வலப்பக்க நட்டில் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் சங்கிலியோடு சேர்ந்த தண்டின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலிப் பக்கத்திலுள்ள திருகை முன்பின் திருப்பிச் சரி செய்யுங்கள்.

ஆறாவதை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இந்த ஹப்பில் ஒரு வெற்றிடம் உண்டு. கம்பி சரியில்லாமல் எழுந்து நின்று மிதித்தால் கால் திடீரென்று காற்றில் போகும், ஓட்டுகிறவர் பாரில் மோதுவார். கம்பி அறுந்துபோனால் வண்டி மூன்றாம் கியரிலேயே நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், மெதுவாக வீடு வந்து சேரலாம்.

உயிர் காக்கும் பாடம்

இனிச் சொல்வதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த வண்டிகளின் பிரேக்கில் கேபிள் இல்லை, இரும்புக் கம்பிகள்தான். ரப்பர் கட்டை இரும்பு ரிம்மில் அழுத்துகிறது. மன்னாரில் தரை தட்டை, மழை நாளும் குறைவு. அங்கே அது போதும். நம் தோட்டத்துப் பாதையிலோ சரிவு, வளைவு, மழை மூன்றும் சேரும். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறையும். காய்ந்த நாளில் நின்ற இடத்தில் மழை நாளில் நிற்காது. பல மடங்கு தூரம் ஓடிப்போகும்.

ஆகவே, இறக்கம் தொடங்குமுன்பே பிரேக்கை லேசாகத் தேய்த்துப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடையுங்கள். முன்னும் பின்னும் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். தேய்ந்து கல்லான ரப்பர் கட்டையை மாற்றுங்கள். மழையில் செங்குத்தான இறக்கமென்றால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கமில்லை. போர்க்கில் விரிசல் கண்டால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், எவ்வளவு அழகாய் இருந்தாலும் சரி.

எதைக் காக்க வேண்டும்?

பழைய வண்டியை எடுத்தவுடன் பளபளப்பான பெயின்ட் அடிப்பது பலரின் ஆசை. அவசரப்படாதீர்கள். பழைய பெயின்ட், தங்கக் கோடு, நெற்றித் தகடு எல்லாம் அந்த வண்டியின் கதை. மென்மையான துணியில் துடைத்து, மெழுகு பூசினால் போதும். தோல் சீற் இருந்தால் மழையில் நனைய விடாதீர்கள், எண்ணெயில் ஊறவும் விடாதீர்கள். கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் ஒரு டின்னில் போட்டு வையுங்கள். அதன் ஜோடி இன்று கடையில் கிடைப்பது கஷ்டம். நொட்டிங்ஹாமில் இந்த ஹப் செய்வது 2000ஆம் ஆண்டோடு நின்று, வேலை தாய்வானுக்குப் போய்விட்டது.

2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது சைக்கிள் விலை எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும். அப்போது மூலையில் கிடந்த பழைய வண்டியைத் திருத்தத் தெரிந்தவர் வேலைக்குப் போனார். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். நம்ம பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஓட்ட மட்டும் அல்ல, ஸ்பானர் பிடிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

இரும்புக்கடைக்காரர் அந்த வண்டியை எடை போட்டுத்தான் காசு தருவார். அதற்குள் இருக்கிற வேலைக்கு அவரிடம் தராசு இல்லை. கொடுக்குமுன் ஒருமுறை ஹப்பைத் துடைத்து எண்ணைப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

அ. சில்லின் டயரில் சோக்கால் ஒரு அடையாளம் போட்டு, பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மூன்று கியரிலும் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று கயிற்றால் அளக்கவும்.

ஆ. தட்டையான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்து, காய்ந்த ரிம்மிலும் நனைந்த ரிம்மிலும் நிற்கும் தூரத்தை அளந்து ஒப்பிடவும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இ. உங்கள் லயத்தில் பழைய சைக்கிள் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, அதில் எந்தச் சாமான் பழுது என்று பட்டியல் எழுதவும். இரண்டு பழுதான வண்டியிலிருந்து ஒரு நல்ல வண்டி பிறக்கலாம்.