இலக்கியத்திற்காகவும் காக்கப்படும் ஓர் ஆறு

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

ஓர் ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது, அதன் குறுக்கே எத்தனை அணைகள் உள்ளன என்று எழுதிவிட்டால் புவியியல் தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அணையில்லாமல் ஓடுவதே ஓர் ஆற்றின் தகுதியாகுமா? அதன் கரையில் பிறந்த நூல்களுக்காக அதனைச் சட்டம் காக்குமா? இவை நம் பாடநூலில் இல்லாத வினாக்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசூசட்ஸ் மாநிலத்தில் இவற்றிற்கு 'ஆம்' என்று விடை எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி அன்புத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கன்கார்ட் என்பது பாஸ்டன் நகருக்கு மேற்கே உள்ள சிற்றூர். சட்பரி, அசபெட் என்னும் இரண்டு ஆறுகள் அவ்வூரில் ஒரு பாறையருகே கூடிக் கன்கார்ட் ஆறாகின்றன. பின்னர் லோவல் என்னுமிடத்தில் மெரிமாக் ஆற்றில் கலக்கின்றன. பெரிய ஆறன்று, விரைவும் இல்லை. இருபுறமும் புல்வெளிகளை நனைத்துக்கொண்டு, நகர்கிறதா நிற்கிறதா என்று ஐயுறும்படி செல்லும். அந்நாட்டுப் பழங்குடியினர் இதற்கு இட்ட பெயர் மஸ்கெடாக்விட். புல்நிலத்து ஆறு என்பது பொருள். 1635இல் ஆங்கிலேயர் வந்து கன்கார்ட் ஊரை அமைத்தனர்.

1775 ஏப்ரல் 19ஆம் நாள் இவ்வாற்றின் மீதிருந்த வட பாலத்தில் உழவர்களான படைவீரர்கள் ஆங்கிலப் படையை எதிர்த்துச் சுட்டார்கள். அன்று காலை லெக்சிங்டனில் தொடங்கிய மோதலே அமெரிக்க விடுதலைப் போராயிற்று. வரலாற்றுப் புகழுக்கு இதுவே போதும். ஆனால் என்னைக் கவர்ந்தது துப்பாக்கியன்று, ஒரு படகு.

ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளரும் அவர் அண்ணன் ஜானும் தம் கையாலேயே ஒரு படகு செய்து, அதற்கு மஸ்கெடாக்விட் என்றே பெயரிட்டு, 1839இல் இவ்வாற்றில் பயணம் சென்றனர். 1842இல் ஜான் இறந்துபோனார். சவரக் கத்தி கீறிய சிறு காயத்தால் வந்த வாய்ப்பூட்டு நோயே காரணம். அண்ணனின் நினைவாகவே தோரோ அப்பயணத்தை நூலாக எழுதி, 1849இல் வெளியிட்டார். ஆயிரம் படிகள் அச்சாயின. 1853இல் விற்காத 706 படிகள் அவர் வீட்டிற்கே திரும்பி வந்தன! காந்தியடிகள் விரும்பிப் படித்த, ஒத்துழையாமை பற்றிய கட்டுரையை எழுதியவரும் இவரே. படகையோ நதானியேல் ஹாதோர்ன் என்ற மற்றோர் எழுத்தாளர் ஏழு டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

அழகிய ஆறு என்பதால் துன்பமில்லை என்று எண்ண வேண்டாம். கீழே பில்லரிக்காவில் ஆலைகளுக்காகவும் கால்வாய்க்காகவும் அணை கட்டினார்கள். நம் ஊர் உல்லம் மீனுக்கு உறவான ஷாட் மீன்கள் கடலிலிருந்து ஏறி வரும் வழி அடைபட்டது. மேலே புல்வெளிகளில் நீர் தேங்கி வைக்கோல் அழுகுவதாக உழவர்கள் முறையிட்டனர். 1859இல் அவர்களுக்காக ஆற்றை அளந்து கொடுத்தவர் நில அளவையாளருமான அதே தோரோதான். அணையைத் தாழ்த்துமாறு 1860இல் சட்டம் வந்தது. 1862இல் அச்சட்டமே நீக்கப்பட்டது, அணை நின்றது. உழவர் பக்கம் நியாயமிருந்தும் ஆலைகளின் பக்கமே வலிமை இருந்தது என்பது என் கருத்து.

நூறாண்டு கழிந்து, 1968 அக்டோபர் 2இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று ஆறுகளுக்குப் புதிய நிலையைத் தந்தது. அணை கட்டுவதையே முன்னேற்றமாகக் கருதிய நாடு, சில ஆறுகளையாவது ஓடவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. முதலில் எட்டு ஆறுகள் சேர்க்கப்பட்டன. சாலையே எட்டாதது காட்டாறு. சிற்சில இடங்களில் மட்டும் சாலை அணுகுவது எழில் ஆறு. பாலமும் ஊரும் அருகிலிருப்பது பொழுதுபோக்கு ஆறு. இப்படி மூன்று வகை.

கன்கார்டின் முறை 1999இல் வந்தது. மூன்று ஆறுகளிலும் சேர்த்து 29 மைல். இயற்கை வளம், வரலாறு, காட்சியழகு, படகோட்டம் ஆகியவற்றோடு இலக்கியமும் ஒரு காரணமாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. இப்பகுதிக்குக் கேடு செய்யும் அணைக்கோ நீர்த்திட்டத்திற்கோ நடுவண் அரசு உரிமமும் தரக்கூடாது, பணமும் தரக்கூடாது. ஆனால் கரையிலுள்ள நிலத்தை எவரிடமிருந்தும் கட்டாயமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எட்டு ஊர்கள் தத்தம் விதிகளால் கரையைக் காக்க வேண்டும். அவற்றின் பிரதிநிதிகள் ஒரு குழுவாகக் கூடுகிறார்கள். மேலூர்க்காரரும் கீழூர்க்காரரும் ஒரே மேசையில் அமர்வது அணையைத் தடுப்பதைவிடக் கடினமென்று நினைக்கிறேன்.

சட்டத்தால் ஆகாததும் உண்டு. சட்பரி ஆற்றின் மேற்பகுதியில் ஆஷ்லண்டில் 1917 முதல் 1978 வரை இயங்கிய சாயத் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் ஆற்றில் கலந்தது. சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும் அது ஏறும். எழில் ஆறு என்ற பட்டம் பெற்ற நீரில் பிடித்த மீனை உண்ணாதீர் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. கோடையில் தன்னார்வலர் படகில் சென்று, நீரை மூடும் ஒரு மிதவைச் செடியைக் கையால் பிடுங்குகிறார்கள். வட இந்தியாவில் சிங்காடா என்று கூடைகூடையாக விற்று உண்ணும் காய்ச்செடியும் இதுவும் ஒரே இனம். அங்கே உணவு, இங்கே களை!

பாதுகாக்கப்பட்ட 29 மைல் பில்லரிக்காவில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தருகே முடிகிறது. உழவர்கள் வழக்காடிய பழைய அணை இருந்த இடம் அதற்கும் கீழே, எல்லைக்கு வெளியே உள்ளது.