நிரை எண்ணத் தெரிந்தவர்க்கு நிலப்படம் கடினமன்று

பள்ளிப் பிள்ளைகள் பூகோளப் பாடத்தில் தடுமாறும் பகுதிகளுள் அட்சரேகை, தீர்க்கரேகை என்பதும் ஒன்று. நிலப்படத்தின்மீது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகளைக் கண்டதும் அவர்களுக்கு மலைப்பு உண்டாகிறது. பிள்ளை வந்து ஐயம் கேட்டால், "எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஆசிரியரைக் கேள்" என்று கூறிப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டும் தொழிலாளர் இப்பாடத்தின் அடிப்படையை ஏற்கெனவே அறிந்தவர். அதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் முறையை இங்குக் காண்போம்.

மரத்திற்கு ஒரு முகவரி

சமநிலத்தில் நடப்பட்ட ரப்பர் மரங்கள் நேர் நிரைகளாக நிற்கின்றன. அவற்றுள் ஒரு மரத்தின் பட்டையில் நோய் கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். "அதோ, அந்த மரம்" என்று கங்காணியிடம் கூறினால் அவர் எதனைத் தேடுவார்? "சாலையிலிருந்து ஏழாம் நிரை, பன்னிரண்டாம் மரம்" என்றால் நேரே சென்று அதன்முன் நிற்பார். இரண்டே எண்கள் நூற்றுக்கணக்கான மரங்களிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

இதில் மூன்று விதிகள் அடங்கியுள்ளன. எண்ணத் தொடங்கும் இடம் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சாலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். எண்களின் வரிசை மாறுதல் கூடாது. மாறினால் பன்னிரண்டாம் நிரையில் ஏழாம் மரத்தின்முன் போய் நிற்க நேரிடும். உலகப் படத்திற்கும் இம்மூன்று விதிகளே பொருந்தும்.

முற்றத்தில் முதற்பாடம்

பிள்ளைக்குப் படத்தைக் காட்டுமுன் மண்ணில் கற்பிப்பது நலம். காலை வேளையில் கதிரவன் எழும் திசையை நோக்கிப் பிள்ளையை நிறுத்துங்கள். எதிரே இருப்பது கிழக்கு. இடக்கைப் பக்கம் வடக்கு. பின்னர் முற்றத்து மண்ணில் குச்சியால் கிழக்கு மேற்காக ஒரு தடித்த கோடும், வடக்கு தெற்காக மற்றொரு தடித்த கோடும் இழுங்கள். இவ்விரண்டும் சுழியக் கோடுகள். ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் மும்மூன்று கோடுகளைச் சம இடைவெளியில் இழுத்து 1, 2, 3 என எண்ணிடுங்கள்.

ஒரு சந்திப்பில் ரப்பர் கொட்டை ஒன்றை மண்ணுக்குள் மறைத்து, "வடக்கு 2, கிழக்கு 3" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை கண்டெடுக்கட்டும். அடுத்து, "வடக்கு 3, கிழக்கு 2" என்றும், "தெற்கு 2, கிழக்கு 3" என்றும் சொல்லி, ஒவ்வொரு முறையும் இடம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காணச் செய்யுங்கள். பிறகு பிள்ளையே மறைத்துவிட்டு நமக்குச் சொல்லட்டும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே பாடம் உண்மையில் தெரிந்ததாகும்.

பழத்தில் இரண்டாம் பாடம்

பூமி உருண்டை. ஆதலால் அடுத்துப் பம்ளிமாஸ் பழம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காம்பு வடதுருவம், அதற்கு நேர் எதிரான அடிப்பக்கம் தென்துருவம். நடுவில் பழத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால் அதுவே பூமத்தியரேகை. அதற்கு மேலும் கீழும் அதனைப் போலவே வளையம் வளையமாக வரையப்படுபவை அட்சரேகைகள். இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. பூமத்தியரேகையில் 0 பாகையெனத் தொடங்கித் துருவத்தில் 90 பாகையில் முடிகின்றன.

இனித் தோலை உரித்துக் காட்டுங்கள். சுளைகளைப் பிரிக்கும் கோடுகள் காம்பிலிருந்து அடிவரை ஓடி இரு முனைகளிலும் ஒன்றுகூடுகின்றன. தீர்க்கரேகைகளும் அப்படிப்பட்டவையே. இவற்றுக்கு இயற்கையான தொடக்கம் எதுவும் இல்லை. எனவே 1884ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய பல நாட்டுப் பேராளர்கள், இலண்டனை அடுத்த கிரீன்விச் வானாய்வகத்தின் வழியாகச் செல்லும் கோட்டை 0 பாகையாகக் கொள்வதென முடிவு செய்தனர். அங்கிருந்து கிழக்கே 180 பாகையும் மேற்கே 180 பாகையும் எண்ணப்படுகின்றன.

மலாய்மொழியில் அட்சரேகையைக் 'காரிஸ் லிந்தாங்' என்றும், தீர்க்கரேகையைக் 'காரிஸ் பூஜோர்' என்றும் குறிப்பர். 'காரிஸ்' என்பது கோடு, 'லிந்தாங்' குறுக்கு, 'பூஜோர்' நெடுக்கு. பொருளறிந்து படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் குழம்புவதில்லை.

நம் நாட்டைக் கண்டறிதல்

இப்பொழுது நிலப்படத்தைத் திறக்கலாம். மலேசியா ஏறத்தாழ வடக்கு 1 முதல் 7 பாகை வரையிலும், கிழக்கு 100 முதல் 119 பாகை வரையிலும் அமைந்துள்ளது. ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கலை என்பர். கோலாலம்பூர் வடக்கு 3 பாகை 8 கலை, கிழக்கு 101 பாகை 42 கலையில் உள்ளது. அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் சொல்வதே மரபு.

திசையை மாற்றிச் சொன்னால் விளைவு என்ன என்பதைப் பிள்ளையே படத்தில் தேடிப் பார்க்கட்டும். வடக்கு என்பதற்குப் பதிலாகத் தெற்கு என்றால் கோலாலம்பூர் சுமத்திராவின் மேற்குக் கரையோரத்திற்குப் போய்விடும். கிழக்கு என்பதை மேற்கு என்றால் பசிபிக் பெருங்கடலின் நடுவே மூழ்கிவிடும்!

நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம் கிழக்கு 79 பாகை 50 கலையில் உள்ளது. அவர்கள் வந்திறங்கிய பினாங்கின் ஜார்ஜ்டவுன் 100 பாகை 20 கலையில் உள்ளது. இடைவெளி எத்தனை பாகை என்று கேளுங்கள். இருபதரைப் பாகை என்பது விடை. தாத்தா வந்த கடல்வழியை அளந்து பார்த்த பிள்ளை இக்கணக்கை எளிதில் மறவாது.

கோடும் கடிகாரமும்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோத்தா கினபாலு கிழக்கு 116 பாகை 4 கலையில் இருப்பதால், அங்குக் கதிரவன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 57 நிமிடம் கழிந்த பின்னரே கோலாலம்பூரில் உச்சிக்கு வருகிறது. ஆனால் இரண்டு நகரங்களிலும் கடிகாரம் ஒன்றே. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடக்கம் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன் நகர்த்தப்பட்டு, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அந்நேரம் கிழக்கு 120ஆம் பாகைக்கு உரியது. நம் தோட்டங்களில் மணி ஏழாகியும் பொழுது முழுவதும் விடியாதிருப்பதன் காரணம் இதுவே.

உயிர் காக்கும் எண்கள்

இப்பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. மரக்காட்டின் உட்பகுதியில் தெருப்பெயரோ கதவு எண்ணோ கிடையாது. அங்கு ஒருவர் பாம்பு தீண்டியோ கிளை முறிந்து விழுந்தோ துன்புறும்போது, 999 எண்ணை அழைத்தால், "இடம் எது?" என்ற கேள்வி எழும். கைத்தொலைபேசியின் நிலப்படத்தில் நாம் நிற்கும் இடத்தின் இரண்டு எண்களையும் காண இயலும். அவற்றைத் தோட்டத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம்.

அவ்வெண்கள் பெரும்பாலும் 3.14, 101.69 எனப் புள்ளி வைத்துக் காட்டப்படும். தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி இடப்படும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 3 பாகை 30 கலை என்பது 3.30 அன்று, 60 கலை ஒரு பாகையாதலால் அது 3.5 ஆகும். ஓர் அட்சப் பாகை தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகையால், இந்த ஒரு பிழையால் உதவிக்கு வருவோர் 22 கிலோமீட்டர் விலகிச் சென்றுவிடக்கூடும். திரையில் உள்ளதை உள்ளவாறே, புள்ளியையும் சேர்த்துப் படித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும்.

பெற்றோர்களே! இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையுடன் நிலப்படத்தை விரித்து, உங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள பட்டணம் எந்த இரு கோடுகளுக்கு இடையில் இருக்கிறது என்று இருவருமாகத் தேடுங்கள். நிரையும் மரமும் எண்ணிய அனுபவம் உங்களுக்குத் துணைநிற்கும். "எனக்குத் தெரியாது" என்று விலகாமல், "வா, தேடிப் பார்ப்போம்" என்று உடன் அமரும் பெற்றோரே பிள்ளையின் கல்விக்குப் பெரும் பலமாவர்.