ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் நண்பர்கள் கேட்டபோது முதலில் ஓடி ஒளிந்தேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒர்க்‌ஷாப் ஒன்றுதான். எனவே நாங்கள் ஆறு பேர் புராஜெக்டுக்காகக் கட்டிய காரின் பின்னால் ஒரு சக்கரத்தை மாட்டிய விவரத்தை எழுதுகிறேன். கேட்டால் சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலையில்தான் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் காரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு இருக்கை, கூரை கிடையாது, கதவும் கிடையாது. "குளிக்கிற தொட்டிக்கு சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு" என்று சிவில் நண்பர்கள் கிண்டல் செய்த அதே வண்டிதான். அந்த உருவம் எங்கள் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்னும் காரின் உருவம் அது. அதே பாணியில் வீட்டுக் கொட்டகையிலேயே குறைந்த செலவில் கார் கட்டுவது எப்படி என்று ரான் சாம்பியன் என்னும் ஆசிரியர் 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் வெல்டிங் தெரிந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். நம் பக்கத்திலும் முன்னோடி இல்லாமல் இல்லை. கோவையில் எஸ். கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிக் காட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

நாங்கள் எடுத்தது உடைப்புக்கு வந்த ஒரு மாருதி ஆம்னி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், பின்சக்கர இயக்கம். மாருதி 800-ல் முன்சக்கர இயக்கம் என்பதால் இந்த உருவத்துக்கு ஒத்துவராது. சேஸிஸ் முழுவதும் 25 மில்லி சதுரக் குழாய், 1.6 மில்லி கனம். மேலே போர்த்தியது ஒரு மில்லி அலுமினியத் தகடு. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிக் கட்டிய வண்டியை அப்படியே ரோட்டில் ஓட்ட முடியாது. வகை ஒப்புதல், பதிவு என்று சட்டம் இருக்கிறது. எங்கள் வண்டி ஓடியது கல்லூரி மைதானத்தில் மட்டும். அப்புறம் எதற்கு ஸ்டெப்னி என்று கேட்கலாம். மைதானத்து சீமைக்கருவேல முள்ளைக் கேளுங்கள்! முதல் வாரத்திலேயே இரண்டு பஞ்சர். 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் மூன்றரை டன் வரையுள்ள வண்டிக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. எங்களுடையது டியூப் போட்ட டயர். அந்தச் சலுகை எங்களுக்கு உதவாது.

ஸ்டெப்னி என்கிற பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஆதியில் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் போனால் வழியிலேயே உட்கார்ந்து கழற்றி ஒட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் இரும்புக்கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதைக் கொக்கி போட்டு இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அவர் தொழில் செய்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவின் பெயரைத்தான் நம் அரும்பாவூர் டிராக்டர் டிரைவர் வரைக்கும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, எங்கே மாட்டுவது? லாரியில் சேஸிசுக்கு அடியில் தொங்கும். ஜீப்பில் முதுகில் இருக்கும். பழைய கார்களில் முன் மட்கார்டு பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் வண்டியில் அடியில் இடமில்லை, தரைக்கும் வண்டிக்கும் ஒரு சாண்கூட இல்லை. இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். ஆகவே லோட்டஸ் செவனில் இருப்பதுபோலப் பின்பலகைக்கு வெளியே, முதுகில் மாட்டுவது என்று முடிவாயிற்று. பொறுப்பு என்னுடையது.

நான் செய்தது இதுதான். ஐந்து மில்லி பிளேட் ஒன்றை வெட்டி, அதில் கை வைத்து வெல்டு அடித்து, அலுமினியப் பின்பலகையில் நான்கு துளை போட்டு போல்ட் முடுக்கினேன். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே 100 மில்லி. பார்க்க அழகாக இருந்தது, கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மாலை வண்டி மைதானத்தைச் சுற்றி வரும்போது தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துக் குழியில் விழுந்து எழுந்தது. தகடு கிழிந்து, பிராக்கெட்டோடு சக்கரம் கழன்று, குதித்துக் குதித்து உருண்டது. குழாயடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த முதலாண்டுத் தம்பி ஒருவனைக் கைநீள தூரத்தில் தாண்டிப் போய் சுவரில் மோதி நின்றது. பன்னிரண்டு கிலோ இரும்பும் ரப்பரும். அந்தத் தம்பி சிரித்துவிட்டான். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா அரும்பாவூரில் மரச் சிற்ப வேலை செய்கிறவர். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே வேலைதான். அவர் படித்தது ஐந்தாவது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் என் நோட்டைக் கண்டாலே அவருக்கு ஒரு மரியாதை. அன்றைக்குப் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது பலகைதானே? பலகையில போயி பாரத்தைத் தொங்க விட்டிருக்கீங்களே. பலகை மூடறதுக்கு. தாங்கறது சட்டம்ல."

பிறகு பாதி முடிந்திருந்த ஒரு குதிரை வாகனத்தைக் காட்டினார். தூக்கிய முன்னங்கால் தனியாகச் செதுக்கிச் சொருகுவது. அதன் கழுந்து உடம்பு மரத்துக்குள் அரை அடி போகிறது. "வெளிய எவ்வளவு நீட்டுதோ அதுக்குத் தக்கன உள்ள போவணும்ப்பா, இல்லாட்டி வாகனத்தைத் தூக்கி ஆட்டும்போது கால் கையோட வந்துரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதைத்தான் நாங்கள் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாளில் வளைவுத் திருப்புதிறன் என்று எழுதி மார்க் வாங்கியிருந்தோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சக்கரமும் பிராக்கெட்டும் சேர்த்து 14 கிலோ. விசையாகச் சொன்னால் 137 நியூட்டன். டயரின் அகலம் 145 மில்லி; அதில் பாதி 72, பலகைக்கும் டயருக்கும் இடைவெளி 28. ஆக எடையின் மையம் பலகையிலிருந்து 100 மில்லி வெளியே. திருப்புதிறன் 13.7 நியூட்டன் மீட்டர். குழியில் விழுந்து எழும்போது எடை மூன்று மடங்காக வேலை செய்யும் என்று எடுத்துக்கொண்டால் 41. இதை என் 100 மில்லி போல்ட் இடைவெளியால் வகுத்தால் மேல் போல்ட்டுகளை இழுக்கும் விசை 412 நியூட்டன், அதாவது 42 கிலோ தொங்குவது போல. போல்ட் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும், தகடு தாங்காது. எண்ணெய் டின்னின் அடியை அமுக்கி அமுக்கி விட்டால் லொடக் லொடக் என்று உள்ளே வெளியே போகுமே, அதுபோல ஒவ்வொரு சுற்றிலும் தகடு போய் வந்து, துளையோரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, மூன்றாம் நாள் கிழிந்தது. ஃபெட்டிக் என்று படிப்பது இதைத்தான். கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தது எதற்கும் பயன்படாது.

சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் உள்ளே அடங்குமே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் நட்டு உட்காரும் கூம்புக் குழி டிஸ்க்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்பினால் நட்டு சரியாக அமராது.

இரண்டாவது பிராக்கெட்டை இப்படிச் செய்தேன். பலகைக்குப் பின்னால் சேஸிசின் மேல் குழாயும் கீழ்க் குழாயும் 250 மில்லி இடைவெளியில் குறுக்காக ஓடுகின்றன. பிராக்கெட்டின் கால்கள் தகட்டைத் துளைத்துக்கொண்டு அந்தக் குழாய்களில் போய் அமர்கின்றன. தகட்டின் துளையைப் பெரிதாக்கி ரப்பர் வளையம் போட்டுவிட்டேன், தகட்டின்மேல் பாரமே இல்லை. அதே 41-ஐ 250 மில்லியால் வகுத்தால் 165 நியூட்டன், 17 கிலோகூட இல்லை. தாங்குவதும் தகடு அல்ல, சட்டம்.

ஒன்றை மறக்காதீர்கள். 1.6 மில்லி குழாயில் வெறும் துளை போட்டு போல்ட்டை முடுக்கினால் குழாய் நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும். குழாயின் குறுக்கே ஒரு புஷ்ஷைச் சொருகி இருபுறமும் வெல்டு வைத்து, அதற்குள் போல்ட்டை விட வேண்டும். அரை நாள் கூடுதல் வேலை. வெல்டிங் சொல்லிக்கொடுத்த அண்ணன் என்னை மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார், அவருக்கு என் நன்றி.

பிளேட்டில் ஸ்டட் துளை குறிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஆம்னி சக்கரத்தில் நான்கு துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லி. எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே 114.3, அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 80.8. இரண்டும் ஒத்து வந்தால்தான் டிரில் பிட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

சக்கரம் பின் விளக்கையும் நம்பர் பிளேட் இடத்தையும் மறைக்கக் கூடாது. எங்களுக்கு இடதுபக்க விளக்கை நாலு விரல் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 14 கிலோவைத் தொங்கவிட்டால் அது முன்சக்கரங்களின் மேலுள்ள பாரத்தைக் கொஞ்சம் தூக்கும். வீல்பேஸ் 2.25 மீட்டர் என்பதால் 14-ஐ 0.6-ஆல் பெருக்கி 2.25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.7 கிலோ. எங்கள் வண்டிக்கு அது பெரிதல்ல. இன்னும் பின்னால் தள்ளி மாட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

புது பிராக்கெட்டோடு அதே குழியில் வேண்டுமென்றே நாற்பது முறை ஏற்றி இறக்கினோம். குழாயடியில் யாரையும் நிற்க விடவில்லை. முடிந்ததும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. நைலாக் நட்டு மாற்றியபின் அதுவும் அசையவில்லை. வைவாவுக்கு வந்த எக்ஸாமினர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பின்னால் வந்து ஸ்டெப்னியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். "இதை எதுல மாட்டியிருக்க?" என்றார். "சட்டத்துல சார்" என்றேன்.

கிழிந்த அந்தப் பழைய தகட்டை ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே புது பிராக்கெட்டின் வரைபடம் அளவுகளோடு இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.