பழைய மைனருக்குப் புதிய எயார் கிளீனர்

மன்னார் கரையில் ஓடுகிற பழைய இங்கிலிஷ் கார்களின் பொனற்றைத் திறந்தால் அடிக்கடி ஒரே குறைதான் கண்ணில் படும். காபரேற்றர் வாய் திறந்து கிடக்கும். இல்லாவிட்டால் ஒரு துண்டு ஸ்பொஞ்சைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். எயார் கிளீனர் பெட்டி இராது. அதன் காரணம் எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது ஒஸ்ரின் ஏ40, மோரிஸ் மைனர், ஒக்ஸ்போட் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. காபரேற்றர் வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த வேலைக்குப் பெட்டி இடைஞ்சல். கழற்றி வீட்டுக்குப் பின்னால் வைத்த பெட்டிகள் இடப்பெயர்வுகளோடு போய்விட்டன.

பெற்றோல் திரும்பி வந்தது, பெட்டி வரவில்லை. சோளகம் வீசும் மாதங்களில் விடத்தல்தீவில் நின்று பார்த்தால் எஞ்சின் எதை மூச்சாக இழுக்கிறது என்று விளங்கும். காய்ந்த கழிமுகச் சேற்றின் தூளும் உப்பும் மணலும் ஒன்றாகப் பறக்கும். அது பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும், பிறகு எஞ்சின் ஒயில் குடிக்கும்.

மைனரின் தகட்டுப் பாகங்களைத் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ல்ஸ் வேயர் 1990களில் இலங்கையிலேயே அவற்றை அடிப்பித்து அங்கே எடுப்பித்தார். ஆனால் எயார் கிளீனரை நாமேதான் செய்ய வேண்டும். இங்கே சொல்வது 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனருக்கு. அதன் காபரேற்றர் எஸ்யூ எச்எஸ்2, குறுக்களவு ஒன்றேகால் இஞ்சி. ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டின் செனித் காபரேற்றருக்கு வாய் மேலே பார்த்திருக்கும். அதற்குத் தொப்பி மாதிரி ஒரு மூடி போதும், பெட்டி வேலை மட்டும் இதேதான்.

எதை எதனால் செய்வது

மைனரில் இன்லெற்றும் எக்ஸோஸ்ற்றும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேற்றருக்குக் கீழே எக்ஸோஸ்ற் மனிபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் இடைக்கிடை காபரேற்றர் வழியாகத் திருப்பி அடித்து நெருப்பும் துப்பும். ஆகவே காபரேற்றர் முகத்திலிருந்து முதல் ஒரு சாண் தூரத்துக்கு இரும்புதான். பிளாஸ்ரிக் பைப்பும் வேண்டாம், பைபரும் வேண்டாம். அதற்கு அப்பால், இறக்கைத் தகட்டோரம் வைக்கும் பெட்டியைப் பைபரில் செய்யுங்கள். கல்வனைஸ் தகட்டுப் பெட்டி இந்த உப்புக் காற்றில் நிற்காது. பைபர் படகு ஒட்டுகிறவர்கள் இருக்கிற ஊரில் தகரம் வெட்டிக்கொண்டிருக்கத் தேவையுமில்லை.

பில்டருக்குப் பழைய கொரோல்லா டீஎக்ஸின் வட்டப் பேப்பர் பில்டர் நல்லது. 1300 சிசி எஞ்சினுக்கு என்று செய்தது, எங்கும் கிடைக்கும். முச்சக்கர வண்டியின் பில்டரை மாட்டுகிறார்கள். 200 சிசிக்குச் செய்ததை 1098 சிசிக்குப் போட்டால் கார் மூச்சுத் திணறும். மலிவு என்று அதைத் தொடாதீர்கள்.

பைப்பின் உள்ளளவு 2 இஞ்சி. கணக்குத் தேவையென்றால்: 1098 சிசி எஞ்சின் 5000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2200 லீற்றர் காற்று இழுக்கும். 2 இஞ்சிப் பைப்பில் அது செக்கனுக்கு 18 மீற்றரளவு வேகத்தில் போகும், தடையாகத் தெரியாது. ஒன்றரை இஞ்சியில் வேகம் 30ஐத் தாண்டிவிடும்.

முகத்தட்டு: எல்லோரும் விழும் குழி

வேலையில் முக்கால் பங்கு இதுதான். காபரேற்றர் முகத்தில் ஏறும் இரும்புத் தட்டு. வட்ட ஓட்டை ஒன்று, போல்ற் ஓட்டை இரண்டு போட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். தட்டை மாட்டிக் காரை எடுத்தால் ஐடிலில் அழகாக நிற்கும். ரோட்டில் ஏறி மிதித்தால் இழுக்காது, கறுப்புப் புகை தள்ளும். மிக்சரைத் திருகுவார்கள், பிளக் மாற்றுவார்கள், டிஸ்ரிபியூற்றரைத் திறப்பார்கள், கடைசியில் காபரேற்றர் பழுது என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

காபரேற்றரில் ஒரு பழுதும் இராது. எச்எஸ்2இன் முகத்தை விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெரிய வாய்க்கு மேலே, தொப்பியின் பக்கம், சிறிய காற்றுத் துளைகள் தெரியும். எஸ்யூ காபரேற்றருக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அதன் மேற்பக்கத்தை எஞ்சினின் இழுவை உறிஞ்சும். கீழ்ப்பக்கத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் இந்தத் துளைகள் வழியாக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிஸ்டனைத் தூக்குகிறது. துளையை அடைத்தால் பிஸ்டன் மேலே வராது. வாய் பாதி மூடியபடி நிற்க, பெற்றோல் மட்டும் தாராளமாக வரும். தட்டு சரியாக இருந்தும் கஸ்கற்றைத் தலைகீழாகப் போட்டால் இதே கதைதான். கஸ்கற்றில் துளைகளுக்கான வெட்டு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்.

துளைகளைத் திறந்து விட்டால் மட்டும் போதாது, அவை எங்கே திறக்கின்றன என்பதும் முக்கியம். வாய் அளவுக்குச் சரியாக ஒரு பைப்பைத் தட்டில் ஒட்டினால் துளைகள் பைப்புக்கு வெளியே நிற்கும். கார் இழுக்கும், ஆனால் பிஸ்டன் அறைக்குள் பில்டர் படாத உப்பும் மணலும் போகும். சில மாதத்தில் பிஸ்டன் இறுகும். ஆகவே பைப் வாயையும் துளைகளையும் சேர்த்து மூட வேண்டும். 2 இஞ்சிப் பைப் எட்டாவிட்டால் பைப்பின் நுனியை வைஸில் வைத்து மெதுவாக நசுக்கி முட்டை வடிவாக்குங்கள். நீளப்பக்கம் துளைகளை நோக்கி இருக்கட்டும்.

இனி செய்முறை. காபரேற்றர் முகத்தில் கொஞ்சம் கிறீஸ் பூசி, மாப் பெட்டி மட்டையொன்றை அழுத்தினால் எல்லா ஓட்டையும் பதியும். அதுதான் அச்சு. மேல் எது என்று மட்டையில் உடனே எழுதுங்கள். 6 மில்லிமீற்றர் இரும்புத் தட்டில் அச்சை வைத்துக் கீறி, துளைத்து, அரத்தால் சரிசெய்யுங்கள். வாய் ஓட்டை காபரேற்றர் வாயை விட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருந்தால் காற்று முட்டும் படியொன்று உள்ளே நீண்டு நிற்கும். காற்று வரும் பக்கத்து விளிம்பை அரைவட்ட அரத்தால் தட்டின் முழுத் தடிப்புக்கும் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில் காற்று சுழன்று பிரியும், உருண்ட விளிம்பில் வழுக்கிப் போகும். பளபளவென்று மினுக்க ஆசைப்பட வேண்டாம், உருட்டினால் போதும்.

வளைவுக்குப் பைப்பை வெட்டிப் பொருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். சைலன்சர் ஒட்டும் கடையில் 2 இஞ்சி வளைவுப் பைப் கிடைக்கும். வளைவு தொடங்குமுன் தட்டிலிருந்து 2 இஞ்சியாவது நேராக விடுங்கள். வாயிலேயே திரும்பும் காற்று பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளும்.

ஒட்டும்போது தட்டு நிச்சயம் வளையும். வெல்டிங் செய்பவர் “ஒண்டும் ஆகாது அண்ணை” என்பார், ஆகும். ஒட்டி ஆறியதும் தடித்த கண்ணாடி ஒன்றின்மேல் எமரிப் பேப்பரை விரித்து, முகம் முழுக்க ஒரே நிறமாகும்வரை தட்டைத் தேயுங்கள். உள்ளே வெல்டிங் கசடு ஒரு பொட்டும் இருக்கக்கூடாது. பில்டருக்குப் பிறகு வரும் பாகம் இது, இதிலிருந்து உதிர்வது நேரே சிலிண்டருக்குப் போகும். அதே காரணத்துக்காக உள்பக்கம் துருப்பிடிக்கவும் விடக்கூடாது. எபொக்சி பிரைமர் மெல்லியதாக ஒரு பூச்சு, அது நன்றாகக் காயும்வரை மாட்ட வேண்டாம்.

போல்ற் எல்லாம் இஞ்சி நூல். மில்லிமீற்றர் போல்ற்றை முறுக்கி ஏற்றினால் காபரேற்றர் உடம்பே போய்விடும். பைப்புக்கு உள்ளே போல்ற் தலை வருமானால் ஓட்டை போட்டுக் கம்பியால் பூட்டுங்கள்.

பெட்டி

படகு ஒட்டுகிறவரிடம் 450 கிராம் பைபர் மற், பொலியெஸ்ரர் ரெசின், ஹார்ட்னர் வாங்குங்கள். அச்சுக்குப் பில்டர் சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளியோடு அடங்கும் பிளாஸ்ரிக் பேசின் ஒன்று போதும். அந்தப் பிளாஸ்ரிக்கில் ரெசின் ஒட்டாது, மெழுகு தடவினால் இன்னும் லேசாகக் கழன்று வரும். பேசினைக் கவிழ்த்து வெளிப்பக்கத்தில் இரண்டு மற் போடுங்கள், 2 மில்லிமீற்றர் தடிப்பு வரும். மூடிக்கு மெழுகு பூசிய கண்ணாடியின்மேல் மூன்று மற்.

ரெசினுக்கு ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று. இந்த வெயிலில் அதற்குமேல் விட்டால் தூரிகை கையில் இருக்கும்போதே ரெசின் கட்டியாகும். ரெசினை இறுகத் தூண்டும் கோபால்ட்டைத் தனியாக வாங்கினால் முதலில் ரெசினில் அதைக் கலந்து முடித்த பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். வேலையை முற்றத்தில் செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம்.

பெட்டியின் வெளிவாய்க் குழாயை றெஜிபோமில் வெட்டி அதன்மேல் மற் போடலாம். இங்கேயும் ஒரு பொறி. ரெசினில் உள்ள ஸ்ரைரீன் றெஜிபோமைத் தின்றுவிடும், போட்ட வடிவம் கண்முன்னே உள்ளே இறங்கும். பெட்டி ஒட்டும் பழுப்பு ரேப்பை போமின்மேல் இடைவெளியில்லாமல் சுற்றி, மெழுகு தடவி, அதன்மேல் போடுங்கள். காய்ந்தபின் போமைக் கத்தியால் கிண்டி எடுத்து, மிச்சத்தைத் தின்னரால் கரைத்துச் சவர்க்காரத்தில் கழுவலாம்.

காற்று பில்டரின் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஆகவே உள்வாய் பெட்டியின் பக்கத்தில், வெளிவாய் அடியில் நடுவில். பெட்டியின் உள்ளுயரம் பில்டரின் உயரத்தை விட 2 மில்லிமீற்றர் குறையட்டும். மூடியைப் பிடிக்கும் நடுக்கம்பியில் சிறகு நட்டை இறுக்கும்போது பில்டரின் இறப்பர் விளிம்பு அமுங்கினால்தான் அடைப்பு.

பெட்டியையும் இரும்பு வளைவையும் லொறி ரேடியேற்றர் ஓஸ் ஒரு துண்டால் இணையுங்கள். எஞ்சின் இறப்பரில் ஆடும், இறக்கைத் தகடு ஆடாது. விறைப்பான இணைப்பு வெடித்துவிடும். பெட்டியின் பாரத்தைத் தகடு தாங்கட்டும். காபரேற்றர் எதையும் தூக்கக்கூடாது.

றொக்கர் மூடியிலிருந்து வரும் மூச்சுக் குழாயை மறக்காதீர்கள். அது பில்டருக்குப் பிறகு, சுத்தக் காற்றுப் பக்கத்தில் சேர வேண்டும். இரும்பு வளைவில் அரை இஞ்சிக் குழாயொன்றை ஒட்டிவிடுங்கள். மூச்சுக் குழாயைத் திறந்து விட்டால் எஞ்சின் ஒயிலுக்குள் மணல். அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி, கிராங்கின் பின்பக்கத்தால் ஒயில் கிளச்சுக்கு வடியும்.

காற்றை எங்கே எடுப்பது? கிறிலுக்குக் கீழே குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று சிலர் பைப்பை முன்னால் இறக்குகிறார்கள். மாரியில் ஏ32 வீதியில் வெள்ளம் நிற்கும்போது அந்தப் பைப் தண்ணீரைக் குடித்தால் கொனெக்ரிங் றொட் வளையும். ரேடியேற்றரின் பக்கத்தில், உயரத்தில், வாய் பின்னோக்கி இருக்கும்படி வையுங்கள். கொஞ்சம் சூடான காற்று வரும், வரட்டும். 48 குதிரைவலு எஞ்சினில் அதனால் இழப்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

சோதனை

முதலில் அடைப்பு. வளைவுப் பைப்பில் ஒரு சிறு துளையிட்டு, தண்ணீர் விட்ட சேலைன் குழாயொன்றை யூ வடிவில் வளைத்து மாட்டி, முழுதாக மிதித்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டமும் 10 சென்ரிமீற்றருக்குள் வித்தியாசப்பட்டால் எனக்குப் போதும். அதற்குமேல் போனால் பில்டர் சிறிது அல்லது எங்கோ பைப் நசுங்கியிருக்கிறது. பார்த்து முடிந்ததும் துளையை ஸ்குரூவால் அடையுங்கள்.

அடுத்தது மிக்சர். திறந்த வாயோடு ஓடிய காருக்குப் பெட்டி மாட்டினால் கொஞ்சம் பெற்றோல் கூடித் தெரியும். எஞ்சின் சூடானபின் காபரேற்றர் பக்கத்தில் உள்ள சிறு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, ஜெற் நட்டை மேலே ஒரு முகம் திருப்புங்கள். சுற்று விழுந்து அணையப் பார்த்தால் குறைவு, கீழே ஒரு முகம். சற்று ஏறி, உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒரு முகத்துக்குமேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். தொப்பிக்குள் இருக்கும் டம்பர் ஒயிலையும் பாருங்கள், 20 இலக்க ஒயில் போதும்.

சோளக மாதங்களில் பில்டரை மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே அடியுங்கள், தண்ணீர் படவே கூடாது. முகத்தட்டின் மட்டை அச்சை மட்டும் எறியாதீர்கள். அயலில் வாய் திறந்த மைனர் வேறு யாரிடமாவது நிற்கும், அவருக்குக் கொடுங்கள்.